வளிச்சுழலிப் பல் துளைகருவி: அமைப்பும் செயற்றிறனும்

ஒரு கருவியின் தரத்தை எதனைக் கொண்டு அளப்பது என்னும் வினா பொறியியலாளருக்கு மட்டும் உரியதன்று. அக்கருவியைப் பொதுப்பணத்திற் கொள்வனவு செய்யும் சமுதாயத்துக்கும், அதன் முன் வாய் திறந்து அமரும் மனிதருக்கும் அவ்வினா உரியதாகும். பல் வைத்தியத்திற் பயன்படும் வளிச்சுழலித் துளைகருவியை இதற்கு எடுத்துக்காட்டாக ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். விற்பனைப் பட்டியல்களில் இக்கருவியின் சிறப்பாக முதலிற் குறிக்கப்படுவது அதன் வேகமாகும்: நிமிடத்துக்கு 300,000 சுழற்சிகள், 400,000 சுழற்சிகள் என்றவாறு. ஆயின் இவ்வெண்கள், கருவி எதனையும் தொடாது வெறுங்காற்றிற் சுழலும்போது பெறப்படுவன. பல்லைத் தொட்டவுடன் நிகழ்வது வேறு. அந்த வேறுபாட்டை விளக்குவதும், மாத்தளை மாவட்டத்துப் பல்லேகம போன்றதோர் ஊரிலிருந்து நோக்கும்போது எவ்வகை அமைப்பு நற்பயன் தரும் என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பல்லேகமவைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் புறத்தே, களு கங்கைப் பள்ளத்தாக்கில், லக்கல-பல்லேகமப் பிரதேசத்தின் மையமாக இவ்வூர் விளங்கியது. களு கங்கை நீர்த்தேக்கத்தின் பொருட்டுப் பழைய நகர் கைவிடப்பட, அதற்கு ஈடாக அமைக்கப்பட்ட புதிய நகர் 2018 இல் திறக்கப்பட்டது. மலைப்பாதைகளுக்கு அப்பால் அமைந்த இத்தகைய இடங்களில் நுண்கருவியொன்று பழுதுற்றால் அதனைத் திருத்துவோரை அயலிற் காண்டல் அரிது. துளைகருவி ஓய்ந்துவிட்டால், நிரப்பிக் காத்திருக்கக்கூடிய பல் நாளடைவிற் பிடுங்கவேண்டிய பல்லாகி விடுகின்றது. ஆகவே கருவியின் அமைப்புப் பற்றிய ஆராய்ச்சி மக்களின் பற்களைப் பற்றிய ஆராய்ச்சியேயாம்.

வரலாற்றுப் பின்னணி

பல்லைத் துளைக்கும் முயற்சி மிகப் பழையது. பலுச்சிஸ்தானத்தின் மெஹர்கர் என்னும் இடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட எலும்புக்கூடுகளில், ஒன்பது பேருடைய பதினொரு கடைவாய்ப் பற்கள் துளைக்கப்பட்டிருந்தமை 2006 இல் வெளியான ஆய்வொன்றால் தெரியவந்தது. அவற்றின் காலம் இன்றைக்கு 7,500 தொடக்கம் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகும். தீக்கல் முனை பொருத்திய வில் துளைகருவியே அங்குப் பயன்பட்டதென ஆய்வாளர் கருதினர்.

நவீன காலத்தில், அமெரிக்கரான கிறீன் என்பார் காலால் இயக்கும் துருத்தியின் காற்றைக் கொண்டு சுழலும் கருவியொன்றை 1868 இல் அமைத்தார். 1871 இல் மொறிசன் என்பாரின் கால்மிதித் துளைகருவி வந்தது. பின்னர் மின்மோட்டாரும் கயிறும் கப்பியும் அவ்விடத்தைப் பிடித்தன. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வேகம் நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுழற்சிகள் என்னும் எல்லையைப் பெரிதும் தாண்டவில்லை. மெதுவாகச் சுழலும் முனையைப் பலமாக அழுத்தவேண்டியிருந்தது. அதிர்வு தாடையெங்கும் பரவியது. நோயாளியின் அச்சத்துக்கு அதுவே முதற் காரணமாயிற்று.

இதனை மாற்றிய முதன்மையான முயற்சி நியூசிலாந்திலே தோன்றியது என்பது நமக்குத் தனியாக ஆர்வமூட்டுவதாகும். அந்நாடு 1921 இல் பாடசாலைப் பல் தாதியர் சேவையைத் தொடங்கிப் பிள்ளைகளின் பற்களை அரசின் பொறுப்பாக்கியது. இலங்கையிலும் 1950களில், கொழும்புத் திட்ட உதவியுடன், அம்மாதிரியைத் தழுவிய பயிற்சி மகரகமவில் ஆரம்பமானது. கால்மிதித் துளைகருவிக்கு அஞ்சிய நியூசிலாந்துச் சிறுவர், பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்துக்குக் 'கொலைக்களம்' எனப் பட்டப்பெயர் சூட்டியிருந்தனர். ஒற்றாகோப் பல்கலைக்கழகத்துப் பல் மருத்துவப் பேராசிரியர் ஜோன் வோல்ஷ், அதிர்வின் மீடிறனை மனிதர் உணரும் எல்லைக்கு மேலே உயர்த்தினால் வேதனை குறையும் என்னும் கருத்தை ஆராய்ந்தார். 1949 இல், 3,000 சுழற்சியிலும் 60,000 சுழற்சியிலும் வெட்டும் திறனையும் எழும் வெப்பத்தையும் ஒப்பிட்ட ஆய்வு வெளியாயிற்று. அரசாங்க பௌதிக ஆய்வுகூடத்தின் துணையுடன் காற்றால் இயங்கும் சுழலியும் அக்காலத்தில் உருவாயிற்று. 1953 இல் அமெரிக்காவில் நெல்சனும் அவர் சகாக்களும் நீரால் இயங்கும் சுழலியொன்றை அமைத்தனர். 1957 இல் வாஷிங்டன் பல் வைத்தியர் ஜோன் போர்டன் அறிமுகப்படுத்திய 'எயரோட்டர்' ஏறத்தாழ 300,000 சுழற்சியை எட்டியது. இன்றைய கருவிகள் யாவும் அதன் வழித்தோன்றல்களே.

சுழலியின் உட்புறம்

கருவியின் தலைப்பகுதியுள் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு சில்லொன்று உண்டு. அதன் விளிம்பிற் சுமார் எட்டுத் தகடுகள் அமைந்திருக்கும். சில்லின் மேலும் கீழும் நுண்ணிய குண்டுப் போதிகைகள், அதாவது போல்பெயரிங்குகள், அச்சைத் தாங்குகின்றன. அச்சின் நடுவே, 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள தண்டையுடைய 'பர்' எனப்படும் வெட்டுமுனை பொருத்தப்படும். கைப்பிடியினூடு வரும் அமுக்கப்பட்ட காற்று, ஒடுங்கிய பீச்சுவாயினூடு பாய்ந்து தகடுகளை மோதிச் சில்லைச் சுழற்றுகின்றது. நீர்வீழ்ச்சியில் இயங்கும் சுழலிக்கும் இதற்கும் கொள்கையளவில் வேறுபாடு இல்லை.

கருவியின் கூரிய ஒலிக்கும் இவ்வமைப்பே காரணம். நிமிடத்துக்கு 300,000 சுழற்சி எனின் செக்கனுக்கு 5,000 சுழற்சி. சில்லின் மிகச்சிறு சமனின்மையும் 5,000 மீடிறன் கொண்ட ஒலியைப் பிறப்பிக்கும். மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் வீச்சு அதுவேயாம். அதிர்வை உணர்விலிருந்து நீக்கிய வேகம், ஒலியைச் செவியின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது எனலாம்.

வேகம், முறுக்கம், வலு

இனி முக்கியமான வினாவுக்கு வருவோம். சுழலும் முனை பல்லை வெட்டுவதற்கு வேகம் மட்டும் போதாது. தடையை எதிர்த்துச் சுழலும் திறனும் வேண்டும். இதனையே பௌதிகத்தில் முறுக்கம் என்கின்றோம். விசையும் அது அச்சிலிருந்து செயற்படும் தூரமும் பெருகிய பெறுமானம் அது. வேகமும் முறுக்கமும் சேர்ந்ததே வலு.

பாய்ந்துவரும் காற்றுக்கும் ஓடும் தகட்டுக்கும் உள்ள வேக வித்தியாசமே தகட்டைத் தள்ளுகின்றது. சில்லு நிற்கும்போது இவ்வித்தியாசம் உச்சத்தில் இருக்கும்; அப்போது முறுக்கமும் உச்சம். சில்லு வேகம் கூடக்கூடத் தகடு காற்றோடு ஒத்தோடத் தொடங்கும், தள்ளுவிசை குறையும். வெறுங்காற்றில் உச்ச வேகத்தை அடையும்போது, கிடைக்கும் முறுக்கம் முழுவதும் உள்ளுராய்வுக்கே செலவாகி, வெட்டுவதற்கு எதுவும் எஞ்சாது. ஆகவே, பட்டியலிற் பெருமையாகக் குறிக்கப்படும் அவ்வேகத்திற் கருவியின் பயன்படு வலு பூச்சியமாகும். நிற்கும் நிலையிலும் வலு பூச்சியமே. இவ்விரண்டுக்கும் இடையில், உச்ச வேகத்தின் ஏறத்தாழ அரைவாசியில், வலு உச்சமடைகின்றது. ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் டைசனும் டார்வெல்லும் 1990களில் இக்கருவிகளின் முறுக்கத்தையும் வலுவையும் முறையாக அளந்து, செயற்றிறனை வேகத்தால் மட்டும் மதிப்பிடல் தகாது என்பதற்கு உறுதியான அடிப்படை இட்டனர்.

கணக்கொன்றால் இதனைத் தெளிவாக்குவோம். கருவிக்கு நிமிடத்துக்கு 40 லீற்றர் காற்றுச் செல்கின்றது எனக் கொள்வோம். அதன் திணிவு செக்கனுக்கு 0.8 கிராம் அளவாகும். பீச்சுவாயிற் காற்றின் வேகம் செக்கனுக்குச் சுமார் 310 மீற்றர். சில்லின் ஆரை 4.5 மில்லிமீற்றர். இவற்றைப் பெருக்கினால் நிற்கும் நிலையிலுள்ள முறுக்கம் 1.1 மில்லிநியூற்றன் மீற்றர் எனக் கிடைக்கும். உச்ச வேகம் 400,000 எனின், 200,000 சுழற்சியில் முறுக்கம் இதன் அரைவாசியாகவும் வலு ஏறத்தாழ 11.5 உவாற்றாகவும் அமையும். ஒரு சிறு மின்குமிழின் வலுவே இது. 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள வெட்டுமுனையின் விளிம்பில் அது 1.1 நியூற்றன் விசையைத் தரும். அதாவது 110 கிராம் நிறையளவு. 2 மில்லிமீற்றர் முனையாயின் அவ்விசை அரைவாசியாகும். பெரிய முனையைப் பொருத்திப் பலமாக அழுத்தும்போது கருவி நின்றுவிடுவதற்கும், மெல்லத் தொட்டுத் தொட்டு வெட்டுமாறு மாணவர்க்குக் கற்பிக்கப்படுவதற்கும் காரணம் இதுவேயாம்.

அமைப்பின் முரண்பாடுகள்

சில்லின் ஆரையே அமைப்பாளரின் முதற் பிரச்சினை. அதே காற்றுப் பாய்ச்சலில், ஆரை கூடினால் முறுக்கம் கூடும். உச்ச வேகம் குறையும். வலு பெரிதும் மாறாது. 9 மில்லிமீற்றர் சில்லை 7 மில்லிமீற்றராக்கினால் முறுக்கத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேல் இழக்கின்றோம். எனவே பெரிய தலையுள்ள கருவி வெட்டுவதற்கு நன்று. ஆனால் கடைவாய்ப் பல்லின் பின்புறத்தைப் பார்க்கவும் எட்டவும் சிறிய தலையே வேண்டும். பிள்ளையின் வாயில் இத்தேவை இன்னும் கூடும். பாடசாலைச் சிகிச்சை நிலையத்துக்கும் முதியோர் சிகிச்சைக்கும் ஒரே அளவுத் தலை பொருந்தாது என்பது இதனாற் பெறப்படும்.

அமுக்கத்தைக் கூட்டி இக்குறையை ஈடுசெய்யலாமா? வழக்கமான அமுக்கம் வளிமண்டல அமுக்கத்துக்கு மேலே 2 தொடக்கம் 3 பார் வரை. இவ்வமுக்கத்தில், பீச்சுவாயின் ஒடுங்கிய இடத்திற் காற்று, விரிந்து குளிர்ந்த அக்காற்றிற் செல்லும் ஒலியின் வேகத்தை ஏற்கெனவே எட்டிவிடுகின்றது. அதன்மேல் அமுக்கத்தைக் கூட்டினால் அவ்விடத்தில் வேகம் கூடாது. பாயும் காற்றின் திணிவே கூடும். முறுக்கம் ஓரளவு உயரும். உச்ச வேகம் சொற்பமாகவே உயரும். போதிகைகளின் தேய்வோ விரைவுபடும். கருவி மந்தமாயிற்று எனக் கண்டு அமுக்கத்தை எல்லை மீறி ஏற்றும் பழக்கம், அதன் ஆயுளைக் குறைத்து வேலையைச் சிறிது கூட்டும் வணிகமேயாகும்.

அமுக்கத்தை எவ்விடத்தில் அளப்பது என்பதும் கவனத்திற்குரியது. வளியமுக்கி இயந்திரத்திலுள்ள மானி காட்டுவது தாங்கியின் அமுக்கத்தை. கருவியை அடைவது குழாயின் இழப்புப் போக எஞ்சியதை. கொந்தளித்து ஓடும் காற்றில், ஒரே பாய்ச்சலுக்குக் குழாயின் உள்விட்டம் பாதியானால் இழப்பு ஏறத்தாழ முப்பத்திரண்டு மடங்காகும். நசுங்கிய ஒரு குழாய் நல்ல கருவியையும் கெட்டதாகக் காட்டிவிடும்.

போதிகை அடுத்த பிரச்சினை. 1960களிற் குண்டுகளை முற்றாக நீக்கி, அச்சைக் காற்றுப் படலத்தின் மேல் மிதக்கவிடும் வளிப்போதிகைகள் ஆக்கப்பட்டன. அவை மென்மையாக ஓடின, ஒலி குறைந்தது, தேய்வும் குறைந்தது. ஆயின் கூடிய காற்றை வேண்டின. பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கவில்லை. எனவே குண்டுப் போதிகைகளே நிலைத்தன. உருக்குக் குண்டுகளுக்குப் பதிலாகச் சிலிக்கன் நைத்திரைட்டு என்னும் மட்பாண்டவகைப் பொருளாலான குண்டுகள் பின்னர் வந்தன. உருக்கின் அடர்த்தியில் ஐந்தில் இரண்டு பங்கே கொண்டமையால், உயர் வேகத்தில் அவை புறத்தே வீசப்படும் விசை குறைவு. போதிகைகளை இறப்பர் வளையங்களில் இருத்துவதும் அதிர்வைத் தணிக்கும் ஓர் உத்தியே.

நீர், வெப்பம், தொற்று

வெட்டும்போது எழும் வெப்பம் பற்கூழைத் தாக்கும். 1965 இல் சாக், கோஹென் என்போர் குரங்குகளில் நடத்திய பரிசோதனையில், பற்கூழின் வெப்பநிலை 5.5 பாகை செல்சியஸ் உயர்ந்தபோது ஏறத்தாழ 15 வீதமான பற்களிற் கூழ் மீளாது இறந்தது. ஆகவே நிமிடத்துக்குக் குறைந்தது 50 மில்லிலீற்றர் நீர் தெளிக்கப்பட வேண்டும் எனப் பொதுவாக வலியுறுத்தப்படுகின்றது. ஒரேயொரு துவாரத்தினால் நீர் தெளித்தால் பல்லே அதனை மறைத்துவிடும். எனவே மூன்று அல்லது நான்கு துவாரங்கள் முனையைச் சூழ அமைக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று சுண்ணக்கற் படிவால் அடைபட்டாலும், கருவி முன்போலவே ஓடும். பல் மட்டும் பாதிக்கப்படும்.

காற்றை நிறுத்தியதும் சில்லு தன் சடத்துவத்தாற் சில கணங்கள் சுழல்கின்றது. அப்போது தலைப்பகுதியில் அமுக்கம் தாழ்ந்து, உமிழ்நீரும் குருதியும் உள்ளே இழுக்கப்படலாம். முன்னைய நோயாளியின் உடற்றிரவம் கருவியுள் தங்கக்கூடும் என 1990களின் தொடக்கத்தில் ஆய்வுகள் காட்டியபின், ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் நீராவியாற் கிருமியழித்தல் நெறியாயிற்று. பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வுகளும் சில்லின் புதிய வடிவங்களும் இதன் விளைவுகளே. ஆயின் 134 பாகை நீராவி, போதிகையின் கூட்டையும் இறப்பர் வளையத்தையும் படிப்படியாகக் கெடுக்கும். எண்ணெயிடத் தவறினால் இன்னும் விரைவிற் கெடுக்கும். நோயாளியைக் காக்கும் செயலே கருவியைத் தேய்க்கின்றது. ஆதலால் ஒரு சிகிச்சை நிலையத்துக்கு மிகச்சிறந்த ஒரு கருவியைக் காட்டிலும், மாறிமாறிக் கிருமியழிக்கத்தக்க நல்ல கருவிகள் பலவே பயனுடையன.

ஈரக்காற்று: நம் நாட்டின் நிபந்தனை

குளிர்நாட்டு அமைப்பாளர் அதிகம் எதிர்கொள்ளாத ஒரு பிரச்சினை நமக்கு உண்டு. 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள ஒரு கனமீற்றர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். அக்காற்றை ஏழிலொரு கனவளவுக்கு அமுக்கி, மீண்டும் அதே வெப்பநிலைக்கு ஆறவிட்டால், 4 கிராம் அளவே ஆவியாக எஞ்சும். 20 கிராம் நீராகப் படியும். ஒரு கனமீற்றர் என்பது மேலே கூறிய கருவிக்கு 25 நிமிட வேலைக்கான காற்று. 20 பாகை வெப்பமும் 30 வீத ஈரப்பதனும் உள்ள சூடேற்றிய அறையொன்றிலாயின், இவ்வாறு படியும் நீர் இதில் ஏழிலொரு பங்களவே.

இந்நீர் தாங்கியிலிருந்து நாள்தோறும் வெளியேற்றப்படாவிடின், அல்லது உலர்த்தி இல்லாவிடின், அது குழாய்வழியே போதிகையை அடைந்து எண்ணெயைக் கழுவித் துருவை உண்டாக்கும். விற்பனைப் பட்டியலின் எந்த எண்ணும் இதனை உரையாது. நமது ஈரவலயத்திலும் மலைச்சரிவுகளிலும் கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பது சில்லின் வடிவத்திலும் பார்க்க, ஒரு வடிதிறப்பும் அதனை நாள்தோறும் திறக்கும் ஒரு கையுமே எனலாம்.

மின்கருவிகள் இதற்கு மாற்றாகுமா? 40,000 சுழற்சியுள்ள சிறு மோட்டாரும் ஐந்து மடங்கு வேகமூட்டும் பற்சில்லுகளும் கொண்ட அவை, 200,000 சுழற்சியை அழுத்தத்தின் கீழும் பெரிதும் குறையாது பேணும். வலு பன்மடங்கு. ஆயின் நிறையும் விலையும் கூட. பற்சில்லு தேய்ந்தால் மோட்டார் நிற்காது, வெப்பமே எழும். நோயாளிகள் இவ்வாறு தீக்காயமுற்றமை பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007 இல் எச்சரிக்கை விடுத்தது. வளிச்சுழலி தேய்ந்தால் மந்தமாகும். தன் பலவீனத்தைத் தானே அறிவிக்கும். மின்சாரமே நம்பத்தகாத இடங்களுக்கு, 1980களிற் தன்சானியாவில் உருவாகி 1994 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவைப் பெற்ற கைக்கருவி முறை உண்டு. சொத்தையின் மெதுவான பகுதியைக் கையாற் சுரண்டி நிரப்பும் அம்முறை, துளைகருவியின் தேவையைக் குறைக்கும், முற்றாக நீக்காது.

முடிவுரை

மேலே கூறியவற்றிலிருந்து பெறப்படுவது யாது? செயற்றிறன் என்பது கருவியுள் மட்டும் உறையும் பண்பன்று. சில்லின் ஆரை, பீச்சுவாய், போதிகை, நீர்த்துவாரம், குழாய், வளியமுக்கி, ஈரப்பதன், பராமரிப்பு ஆகிய யாவும் சேர்ந்து பல்லின் மேற்பரப்பில் தரும் விளைவே அது. பல்லேகம போன்ற இடத்துக்குக் கருவி தெரியும்போது உச்ச வேகத்தைக் கடைசியில் நோக்குதல் வேண்டும். அழுத்தத்தின் கீழ் அதன் வலு எவ்வளவு, நீர் எத்தனை துவாரங்களாற் பாய்கின்றது, தேய்ந்த சில்லும் போதிகையும் அடங்கிய உட்கூட்டைச் சிகிச்சை நிலையத்திலேயே மாற்றமுடியுமா, அவ்வுதிரிப்பாகம் நாட்டினுள் கிடைக்குமா என்பன முதலில் வினவத்தக்கவை.

இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு நாம் பிறரை எதிர்பார்த்திருக்க வேண்டுவதில்லை. சுழற்சி வேகத்தை அறிய ஓர் ஒலிவாங்கி போதும். கருவியின் ஒலியின் மீடிறனை அறுபதாற் பெருக்கினால் அதன் வேகம் கிடைக்கும். முறுக்கத்தை அறிய ஒரு சிறு தடுப்பும் நுண்தராசும் போதும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பீடமும் பல் மருத்துவ பீடமும் ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. அரச சேவைக்கு வாங்கப்படும் கருவிகளை நமது காற்றில், நமது ஈரப்பதனில், பன்முறை கிருமியழித்த பின் அளந்து, அவ்வளவுகளைப் பொதுமக்களும் காண வெளியிடும் பணியை இவ்விரு பீடங்களும் கூடி ஆற்றலாம். விலைப்பட்டியலின் எண்ணை நாம் ஏற்பதும் மறுப்பதும் அத்தகைய அளவீட்டின் பின்னரே நிகழ்தல் வேண்டும் என்பதே எமது கருத்தாகும். மலைக்கு அப்பாலுள்ள ஒரு பிள்ளையின் கடைவாய்ப் பல் எஞ்சுவதும் இழக்கப்படுவதும் அவ்வளவீட்டிலும் தங்கியுள்ளது.